டிப்போ வாசலில் நிறுத்திய டிரெய்லர்

டிரெய்லர் ஓட்டப் போனவள் மூத்திரத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். அடக்கி அடக்கி அடிவயிறு நொந்தவள் நான், நீங்கள் இல்லை. அந்தப் பயிற்சிக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தீவின் மேற்கே பூன் லேயில் வீடு, அதே சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். கம்பெனி அந்தத் தடத்தைக் கைவிட்டது, கூடவே என்னையும் கைவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவள் அடுத்து என்ன செய்வது என்று சன்னலோரம் நின்று யோசித்தபோது, கீழே துவாஸ் துறைமுகப் பக்கம் ஓயாமல் போய்க்கொண்டிருந்த டிரெய்லர்கள் கண்ணில் பட்டன. அத்தனை பிள்ளைகளின் கூச்சலோடு பேருந்து ஓட்டியவளுக்கு வாயில்லாத ஒரு கண்டெய்னரை இழுப்பது என்ன பெரிய கம்பசூத்திரம் என்று போய் கனரக வண்டிக்கான உரிமத்தை எடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஓர் உணவுக் கடையில் சமையல்காரர். செய்தியைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"ஆமா, இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

உரிமம் இருந்தால் மட்டும் போதாது. கம்பெனியில் சேர்ந்ததும் பயிற்சி கொடுக்க ஓர் ஆளைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து அனுப்புவார்கள். அந்த ஆள் பாஸிடம் "தனியா போகலாம்" என்று சொன்னால்தான் வண்டி நம் கைக்கு வரும். சொல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

எனக்கு வாய்த்தவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன். வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அவனை அவன் இவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். நாள் முழுக்க தர்ப்பூசணி விதையைக் கொறித்துத் தோலை ஒரு காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே வருவான். தொழிலில் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. வாய்தான் ஓயாது.

"பின்னாடி டிரெய்லர் ரைட்டுக்குப் போகணும்னா நீங்க லெஃப்ட்டுக்கு ஒடிக்கணும் லா. லெஃப்ட்டுக்கா, லெஃப்ட்! லெஃப்ட் எதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்டா. நீ கத்துற கத்துல அதுவும் மறந்துடும்போல இருக்கு."

பாசிர் ரிஸ் பக்கம் ஒரு கிடங்கில் முதன்முதலாக வண்டியைப் பின்னால் எடுத்தபோது, சரக்கு இறக்க நின்றிருந்த ஆண்கள் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். கரடி வித்தை காட்ட வந்தேனா நான்? சன்னலை இறக்கி, "உங்க அம்மாவுக்கு அனுப்பு, பாத்து சந்தோஷப்படட்டும்" என்று கத்தினேன். அவர்களில் யாருக்குத் தமிழ் புரிந்ததோ தெரியாது, குரல் புரிந்தது. கைபேசிகள் உள்ளே போயின. அன்றைக்குக் கோணல்மாணலாக நிறுத்தினேன் என்பது உண்மைதான். போகப் போக ஒரே முயற்சியில் நேராகக் கொண்டுபோய் ஒட்ட வைத்தேன். அவனே விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு, "ஓக்கேதான்க்கா" என்றான். அவன் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

ஆகவே ஓட்டுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் வரிசையில் இருந்தது.

இந்தச் சின்னத் தீவில் தொலைதூர ஓட்டம் என்றால் சிரிப்பீர்கள். கிழக்கிலிருந்து மேற்குக் கோடிக்குப் போனாலும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். காலி கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்க ஜூரோங் பக்கத்து டிப்போவுக்குப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும். வாசலிலிருந்து சாலை வளைவு வரைக்கும் டிரெய்லர்கள் நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும். முன் வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நாமும் ஒரு முழம் நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவன் ஹாரனிலேயே நம் பரம்பரையை இழுப்பான்.

ஆண்களுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. வண்டியிலிருந்து குதிப்பார்கள், பின் டயர் பக்கம் போவார்கள், ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வருவார்கள். என் பயிற்சிக்காரன் அங்கே நின்றபடியே கைபேசியில் பேசுவான். எனக்கு எந்த டயர்?

டிப்போ வளாகத்தில் ஓட்டுநர்களுக்கு என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டிக் கழிவறை உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே எட்டிப் பார்த்த அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. அதற்கு நேர் எதிரே அலுவலகக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சுத்தமாகத் துடைத்த, தாழ்ப்பாள் வைத்த கழிவறை இருந்தது. முதல் வாரமே போய்க் கேட்டேன். அங்கே மேற்பார்வையாளர் ஒரு தமிழர். சட்டை கசங்கியிருக்காது, குரல் உயராது.

"மேடம், அது ஸ்டாஃபுக்கு மட்டும் மேடம். டிரைவர்ஸுக்கு வெளிய இருக்கு."

"அதுக்குத் தாழ்ப்பாளே இல்லையே சார். எப்படிப் போறது?"

"ஃபீட்பேக் சொல்லிடுறேன் மேடம்."

மேடமாம் மேடம். அவர் என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அடுத்த வாரமும் கேட்டேன், அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அதே புன்னகை, அதே மேடம்.

அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். காலைக் கோப்பியை விட்டேன். உதடு வெடித்தது. வண்டிக்குள் வெயில் கொளுத்தும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்போதும் பாட்டிலைத் தொட மாட்டேன். அவன் ஒருநாள் பார்த்துவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கக்கா, எல்லாரும் அப்படித்தான்" என்றான். அந்த 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனை அந்த வரிசையில் தண்ணீர் குடிக்க வைத்து உட்கார வைப்பேன். எல்லாரும் எப்படி? யார் அந்த எல்லாரும்?

கடைசியில் எது நடக்க வேண்டுமோ அது நடந்தது. நீர்க்கடுப்பு, காய்ச்சல், குளிர். பலதுறை மருந்தகத்தில் இருந்த பெண் மருத்துவர், "தண்ணி நெறைய குடிங்க, வந்தா அடக்காதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் இன்னொரு தடவை காய்ச்சல் பார்த்தார்.

மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்றைக்கு என் பயிற்சிக்காரன் விதைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, பாஸ் கேக்குறாரு. பொம்பளைக்கு இந்த வேல சரிப்பட்டு வருமான்னு. ட்ரெய்னிங்லயே லீவு போடுறாங்க, அப்புறம் என்ன ஆகும்னு கேக்குறாரு. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"நீ என்ன சொன்ன?"

"பாப்போம்னு சொன்னேன்."

"பாப்போமா? ரிவர்ஸ் எடுக்குறேனா, இல்லையா?"

"எடுக்குறீங்க."

"போர்ட்டுக்குள்ள எங்கயாவது இடிச்சேனா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னடா பாப்போம்?"

அவன் விதைப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தான். ஓட்டத் தெரியவில்லை என்று அனுப்பினால் சரி, போய்விடலாம். ஒன்றுக்குப் போக இடமில்லை என்பதற்காக அனுப்புவார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் நானும் நம்மவர்கள் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனோம். அங்கே எனக்கு ராஜ வாழ்க்கை. எங்கு திரும்பினாலும் கழிவறை. தே தாரேக் டீ ஒன்று, இளநீர் ஒன்று என்று வஞ்சமில்லாமல் குடித்தேன். அப்புறம் சிராங்கூன் சாலையில் ஒரு பெரிய கடைக்குள் அரிசி வாங்க நுழைந்தோம். அரிசியை எடுத்துக்கொண்டு திரும்பினால் அவரைக் காணோம். தேடிப் போனால், வயதானவர்களுக்கான டயப்பர் அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கையில் ஒரு பொட்டலம்.

"கோவப்படாதம்மா," என்றார் மெதுவாக. "வண்டிக்குள்ளதான இருக்கப் போற. யாருக்குத் தெரியப் போகுது?"

நான் கோபப்படவில்லை, வெடித்தேன். கடையே திரும்பிப் பார்த்தது. "எனக்கென்ன கை கால் விழுந்துபோச்சா? படுத்த படுக்கையா கெடக்குறேனா? பக்கத்துல டாய்லெட் இருக்கு, கதவத் தொறக்க மாட்டேங்குறான், அதுக்கு நான் இதக் கட்டிக்கணுமா?" பொட்டலத்தைப் பிடுங்கி அடுக்கில் குத்தி வைத்தேன். அந்த மனிதர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம், முந்தின நாள் நானே தனியாக வந்து அதே அடுக்கின் முன்னால் நின்று விலையைப் பார்த்துவிட்டுப் போனதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மருத்துவர் சொன்னபடி காலையிலிருந்து தண்ணீர் குடித்தேன். எப்படியும் இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும், பேசாமல் குடித்துவிட்டே போவோம் என்று ஒரு வீம்பு. டிப்போ வரிசையில் வாசலை நெருங்கும்போது எனக்கு உட்கார முடியவில்லை. பயிற்சிக்காரன் பின் வண்டிக்காரரோடு அரட்டை அடிக்க இறங்கிப் போயிருந்தான். முன் வண்டி உள்ளே போய், என் வண்டி நேராகக் கேட்டுக்கு வந்தது. முன்பாதி உள்ளே, பின்னால் டிரெய்லர் வெளியே. மேற்பார்வையாளர் கண்ணாடிக் கதவருகே நின்று கையை ஆட்டி உள்ளே வரச் சொன்னார்.

எஞ்சினை அணைத்தேன். பிரேக்கைப் போட்டேன், காற்று புஸ்ஸென்று இறங்கியது. சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வர முடியாது. நேராக அவரைத் தாண்டிக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

"மேடம்! மேடம், எங்க போறீங்க? வண்டிய எடுங்க மேடம்!"

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு நிம்மதி. வெளியே அத்தனை டிரெய்லர்களும் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும். நான் அவசரப்படவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினேன், முகம் கழுவினேன்.

வெளியே வந்தபோது அந்த மனிதரின் குரல் முதல் தடவையாக உயர்ந்திருந்தது. "உங்க கம்பெனிக்கு இப்பவே ஃபோன் போடுறேன்! இனிமே இந்த டிப்போவுக்குள்ள நீங்க வர முடியாது!"

"போடுங்க சார். என்னன்னு சொல்வீங்க? ஒரு பொம்பள ஒன்னுக்குப் போயிட்டான்னு சொல்வீங்களா? சொல்லுங்க, நானும் பக்கத்துல நின்னு கேக்குறேன்."

அவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பயிற்சிக்காரன் ஓடி வந்தான், முகம் வெளுத்திருந்தது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? என்னையும் சேத்து மாட்டி விட்டுட்டீங்களே!" நான் வண்டியை எடுத்துக் கண்டெய்னரை இறக்கக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் பாஸ் பயிற்சிக்காரனைக் கைபேசியில் கூப்பிட்டார். ஓரமாக நிறுத்தினேன். அவன் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டான். பாஸ் சீனர், ஆங்கிலத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். ஒரே கேள்விதான் கேட்டார்: அவளுக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற முகத்தை அவனுக்குக் காட்ட எனக்கு மனம் இல்லை.

"நல்லா ஓட்டுவாங்க பாஸ், தனியா போகலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு அவனாகவே, "அந்த டிப்போவுல பொம்பளைங்களுக்கு டாய்லெட் இல்ல பாஸ்" என்றான்.

அப்புறம் பாஸ், இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காய்ச்சலில் கிடந்தேனே, அப்போது ஏன் என்று யாராவது கேட்டார்களா என்று நான் கத்தியதில் கைபேசி அவன் கையிலிருந்து நழுவியது. பாஸ் பதிலுக்குக் கத்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து தனியாகப் போகட்டும், டிப்போவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். பாசத்தில் சொல்லவில்லை. ஓட்ட ஆளில்லாமல் அவருடைய வண்டிகள் சும்மா நின்றுகொண்டிருந்தன.

திங்கட்கிழமை பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. டிப்போ கேட்டை நெருங்கியபோது மேற்பார்வையாளர் தானே இறங்கி வந்து, வெயிலில் நின்று என் சன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், டாய்லெட் போகணுமா? போறதுன்னா உள்ள போயிட்டு வந்துடுங்க மேடம். வண்டிய மட்டும் கேட்ல நிறுத்திடாதீங்க."

அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக அது அவர் வாயிலிருந்து வந்தது. அவர் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை, புதிதாக எதையும் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வாரமே இதைச் சொல்லியிருந்தால் நான் காய்ச்சலில் கிடந்திருக்க மாட்டேன், அந்த அடுக்கின் முன்னால் போய் நின்றிருக்க மாட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நன்றியில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருந்தால் அது அவருடைய அறியாமை.

"இப்ப வரல சார்," என்றேன். "வந்தா போவேன். இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

கியரைப் போட்டு உள்ளே போனேன்.