ஐஸ் பெட்டியில் வைத்த இன்சுலின்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, பக்கத்து வீட்டு வாசலில் திருடனைப் போல நின்றுகொண்டிருந்தேன். கையில் ஓர் இன்சுலின் பாட்டில். நெடுக விரிசல், உள்ளே மருந்து கட்டியாக உறைந்திருந்தது.

பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர். கணவர் சாமுவேல் சாருக்கு சர்க்கரை வியாதி. தினமும் காலையில் டீச்சரே ஊசி போடுவார். மருந்து இருப்பது எங்கள் வீட்டு பிரிட்ஜில். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் – அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திங்கட்கிழமை பகல் முழுக்க கரன்ட் இல்லை. சாயங்காலம் வந்ததும் நான் என்ன செய்தேன்? போன குளிர்ச்சியை ஈடுகட்டுகிறேன் பேர்வழி என்று, பாட்டிலைத் தூக்கி பிரிட்ஜின் மேலே இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். நல்ல எண்ணம்தான்...

டீச்சர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அடுப்பில் வெந்நீரில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது.

"உருகினா சரியாயிடாதா டீச்சர்?"

"இல்லை சார். உறைஞ்சா மருந்தோட சக்தி போயிடும். வேற பாட்டிலும் இல்லை."

உள்ளேயிருந்து சாமுவேல் சார், "என்ன கிரேஸ்?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. இன்னிக்கு ஊசி கொஞ்சம் லேட். அதுவரைக்கும் டிபன் வேண்டாம்."

ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடை திறக்கும்வரை அதன் வாசலிலேயே காத்திருந்தேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இங்க ஸ்டாக் இல்ல சார். மாம்பலத்துல கீது, போய்ப் பாரு."

எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தேன். மாம்பலத்தில் கிடைத்தது. "ஐஸ் கிடைக்குமா?" என்றேன். "ஐயையோ, ஐஸே வேணாம். ஈரத்துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்தக் கடைக்காரர். பிளாட்பாரக் குழாயில் கர்சீப்பை நனைத்துச் சுற்றி, வழியெல்லாம் ஜன்னல் காற்றில் பிடித்துக்கொண்டே வந்தேன். அந்த வெயிலிலும் பாட்டில் சில்லென்று இருந்தது!

வீடு வந்தபோது மணி பத்தரை. சாமுவேல் சார் சோர்ந்துபோய்ச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் காலியான தண்ணீர்ச் செம்பு. டீச்சர் உடனே ஊசி போட்டார். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மத்தியானம் சார் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டதும் டீச்சர் முகமும் தெளிந்தது.

அப்புறம்தான் கேட்டேன். "ஏன் டீச்சர் பாட்டில் வெடிச்சுது? குளிர்ந்தா எதுவும் சுருங்கத்தானே செய்யும்?"

"மருந்துல பெரும்பாலும் தண்ணிதான். தண்ணி அப்படி இல்லை சார். அதோட மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு கையைப் பிடிச்சுக்கும். ஹைட்ரஜன் பிணைப்புனு பேர். தண்ணியா ஓடறப்போ பிடிக்கும், விடும், நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். உறையறப்போ கையை நல்லா நீட்டிப் பிடிச்சு, அப்படியே நின்னுடும். நடுவுல காலி இடம். அதனால அதே தண்ணிக்குக் கூடுதல் இடம் வேணும். கண்ணாடி விட்டுக்கொடுக்குமா?"

"சரி, ஈரத்துணி குளிர்ந்துதே?"

"அதுவும் அந்தப் பிடிதான். ஈரம் ஆவியாப் போகணும்னா பிடியை விடணும். அதுக்குச் சூடு நிறைய வேணும். பாட்டில்கிட்டேயிருந்து எடுத்துக்கிட்டுப் போயிடுது."

ஒரே பிடி. ஒரு பாட்டிலை உடைத்தது, இன்னொன்றைக் காப்பாற்றியது. கல்லூரியில் நானும் இதைப் படித்தவன்தான்... பரீட்சையோடு சரி.

கிளம்பும்போது டீச்சர் புதுப் பாட்டிலை என் கையிலேயே கொடுத்தார். "கீழ்த்தட்டுல வெச்சிடுங்க சார்."

"என்கிட்டேயா? இன்னுமா நம்பறீங்க?"

டீச்சர் சிரித்தார். "இனிமே சத்தியமா இதை ஐஸ் பெட்டியில வைக்க மாட்டார்னு நான் அடிச்சுச் சொல்லக்கூடிய ஆள், இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தானே சார்!"