மணி பிளான்டுக்கு எத்தனை இலை

என் மகள் விருதுநகரில் வாங்கிய மணி பிளான்ட் கொடி எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேலைக்காகக் கோயம்புத்தூர் கிளம்பும்போது, அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செல்போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். நேர் வெயில் படக் கூடாது. வேரில் தண்ணீர் தேங்கி நாறக் கூடாது. வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் இலையைத் துடைக்க வேண்டும். நான் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். எனக்கு வாயால் சொல்ல வராது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். எம். புதுப்பட்டியில் ஒற்றை அறை வீடு. அப்பா லாரியில் லோடு ஏற்றும் வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அக்கா பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம்.

அவள் கம்பெனியில் மேனேஜர் அறை ஜன்னல் முழுக்க மணி பிளான்ட் படர்ந்திருந்ததாம். அதைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, களவாண்டு வந்து வைத்தால்தான் வீட்டில் பணம் சேரும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கம்பெனி வாசலில் சாயங்காலம் ஒரு பெண் நின்று ஒவ்வொருத்தர் தூக்குவாளியையும் திறந்து பார்ப்பாள். இடுப்பைத் தடவிப் பார்ப்பாள். அக்கா ஒரு துண்டுக் கொடியைக் கிள்ளி, கொண்டைக்குள் சுருட்டிச் செருகி, மேலே கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் கொண்டையை அவிழ்த்ததும் அது தரையில் விழுந்தது. மூன்று இலை இருந்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு. "களவாண்டு வச்சா காசு கொட்டுமாக்கும்? ஒங்க மேனேசரு ரூம்புல காடா கெடக்குன்ன. பெறகு எதுக்கு அவரு ஆர்டர் இல்ல, ஆர்டர் இல்லன்னு அழுவுதாரு?"

"அவரு கடையில வாங்கிருப்பாரும்மா. அதான் வெளங்கல" என்றாள் அக்கா.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதில் கொடியைப் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பத்து நாளில் வெள்ளை வேர் விட்டது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்று அவள் முதல் வேலை தலைக்குக் குளிப்பது, இரண்டாவது வேலை பாட்டில் தண்ணீரை மாற்றுவது. பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடி அவள் உடம்பிலிருந்து உதிர்ந்து வீட்டில் எல்லாவற்றின் மேலும் படியும். பாயில், சோற்றுப்பானை மூடியில், என் சிலேட்டில்கூட வெள்ளி மினுங்கும். இலைகளிலும் படிந்துவிடும். பழைய பாவாடைத் துணியை நனைத்து, இலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைப்பாள். "ஏலே தம்பி, இதுவும் மூச்சு விடும்லே. தூசி அடைச்சா செத்துப்போவும்" என்பாள். அவளுக்கே அப்போது இருமல் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாவது இலை சுருள் பிரிந்த வாரத்தில் கம்பெனியில் விபத்து நடந்தது. தீபாவளி சீசன். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்த மாட்டார்கள். வெளியே ஓடிவந்து, புகை எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். நானும் ஓடிவந்தபோது தெருவில் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். அம்மா மட்டும் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

அக்காவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். என்னைப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சாப்பிடச் சொன்னார்கள். அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் வருவார். தெருவில் வீடு வீடாகப் பழைய வேட்டி கேட்பார். தீக்காயத்தில் புதுத்துணி ஒட்டிக்கொள்ளும், நைந்த துணிதான் வேண்டுமாம். அவற்றைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

அப்பா என்னிடம் பேசியதே குறைவு. பள்ளிக்கூடம் போனியா, கடைக்குப் போயிட்டு வா, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் முதல் தடவை வந்தபோதே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அக்கா கேட்டா. செடியப் பாத்துக்கிடுதியான்னு."

"பாத்துக்கிடுதேன்."

"எத்தன எல இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"ஏழுப்பா."

"ஏழு" என்று அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி. போயிச் சொல்லுதேன்."

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இருக்கா. இட்லி தின்னா" என்றார்.

எனக்குப் பெரிய பொறுப்பு வந்துவிட்டது. அவள் வரும்போது கொடி செழித்து நிற்க வேண்டும். நின்றால்தான் வருவாள் என்றும் எனக்குள் எப்படியோ ஒரு கணக்கு ஏறிவிட்டது. தினமும் தண்ணீர் மாற்றினேன். கிணற்றுத் தண்ணீரில் மாற்றினேன், அடிபம்புத் தண்ணீரில் மாற்றினேன். வெயில் நல்லது என்று வாசலில் வைத்தேன். மூன்றாம் நாள் அடி இலை ஒன்று மஞ்சளடித்தது.

பயந்துபோனேன். சித்தி வீட்டில் கலர் மத்தாப்புக்கு மருந்து முக்கும் வேலை திருட்டுத்தனமாக நடக்கும். அதில் ஒரு உப்பைச் சேர்த்தால் தீ பச்சையாக எரியும். வெறும் வெள்ளைப் பொடிதான். எரியும்போது கண்ணைப் பறிக்கும் பச்சை வரும். தீயையே பச்சையாக்குகிறது, இலையை ஆக்காதா என்று நினைத்தேன். அந்த உப்பு டப்பாவைச் சித்தி பரண் மேல் வைத்திருந்தாள். "அதத் தொட்டியோ, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்று தன் பிள்ளைகளோடு சேர்த்து எனக்கும் சொல்லியிருந்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஏறி, ஒரு கை அள்ளி வந்து பாட்டிலில் போட்டுக் கலக்கினேன். கரைந்தது. மறுநாள் பச்சை ஏறும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் இலை எல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. அதற்கடுத்த நாள் தண்டு கொழகொழத்து, வேர் கறுத்துப்போனது. தண்ணீரை நான்கு தடவை மாற்றினேன். இலைகள் தொட்டால் கையோடு வந்தன. பாட்டிலை டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார்.

"அக்கா கேட்டா. எத்தன எல?"

"எட்டு" என்றேன்.

"புதுசு விட்டிருக்கா?"

"நேத்து விட்டுச்சு."

"எம்புட்டுப் பெருசு?"

நான் சுண்டுவிரலைக் காட்டினேன். அவர் அந்த விரலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து அம்மாவுக்கு மாற்றுச் சேலை எடுத்தார். பெட்டியை மூடிவிட்டு, அதன் மேல் கை வைத்தபடி நின்றார். பின்னால் இருந்த பாட்டிலைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நல்லா வச்சிருக்கலே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தடவை ஒன்பது. அதற்கடுத்த தடவை பதினொன்று. பொய் சொல்லச் சொல்ல எனக்குச் சரளமாக வந்தது. கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது என்றேன். அப்பாவும் விடாமல் கேட்டார். அக்கா இன்று இப்படிக் கேட்டாள், கொடிக்கு நூல் கட்டிவிடச் சொன்னாள், தண்ணீர் மாற்றும்போது வேரைக் கையால் தொடாதே என்றாள் என்று வரும்போதெல்லாம் புதிதாக ஏதாவது கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அக்கா இந்தச் செடியைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் வர வேண்டும் என்று சாமி படத்தின் முன்னால் கும்பிடுவேன். உடனே, இன்னும் பத்து நாள் கழித்து வந்தால் போதும் என்றும் சேர்த்துக் கும்பிடுவேன்.

கடைசியாக அப்பா வந்தது பட்டப்பகலில். அவர் வரும் நாளும் அல்ல அது. கையில் பை இல்லை. பள்ளிக்கூட வாசலிலேயே என்னைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் என் தோளில் கை போட்டிருந்தார். அப்படி அவர் செய்ததே இல்லை. என் பொய் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்குள் வந்ததும் தரையில் உட்கார்ந்து, என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"அக்கா..." என்றார்.

அவர் முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பன்னெண்டு எலப்பா! காலையிலதான் எண்ணுனேன். பன்னெண்டு."

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"பன்னெண்டா" என்றார்.

"ஆமாப்பா. அக்காட்ட சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்று எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சித்தி வீட்டுப் பக்கம் போனார். பிடிபடாமல் தப்பித்த சந்தோஷத்தில் நான் தெருவுக்கு விளையாட ஓடினேன். அன்றிரவு சித்தி எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள். அவள் முகத்தை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் வேனில் அக்காவைக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்கவில்லை. எல்லாரும் அழுதபோது நானும் அழுதேன். ஆனால் இனி யாரும் இலையை எண்ண மாட்டார்கள் என்ற எண்ணம் அழுகைக்கு நடுவிலேயே வந்தது. அது நிம்மதியாக இருந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். கூட்டத்தில் யாரும் பார்க்காதபோது பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. அக்கா போன இடத்துக்கு வீட்டில் ஒரு ஆள் சம்பாதிக்க வேண்டியிருந்தது. நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன்.

அப்பா இறந்து பல வருஷம் கழித்து, ஒருநாள் அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். தொண்டையெல்லாம் வெந்துபோனதால் அக்கா ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். கண்ணைத் திறந்ததே முதல் நாள் மட்டும்தானாம். உயிர் போனது ஒரு விடியற்காலையில். அம்மாவைப் பிணவறை வாசலில் உட்காரவைத்துவிட்டு, "பயலுக்கு நானே போயிச் சொல்லிட்டு வாரேன்" என்று அப்பா பஸ் ஏறியிருக்கிறார்.

"வந்து என்னத்தச் சொன்னாக ஒங்கிட்ட?" என்று அம்மா கேட்டாள்.