பிரெக்கனில் நான் தங்கிய வீடு

இன்று காலை பல்லடம் பஸ்ஸில் சின்னம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். அம்மாவின் தங்கை. நல்லவேளை, அவர் ஃபேஸ்புக்கில் இல்லை, இதைப் படிக்கமாட்டார்.

அவர் மகள் ரேவதி வேல்ஸில், பிரெக்கன் என்ற பழைய சந்தை ஊரில் நர்ஸ். போன வாரம் எங்கள் பனியன்களை வாங்கும் பையரைப் பார்க்க அந்த நாட்டுக்குப் போன நான் பிரெக்கனையும் எட்டிப் பார்த்தேன். ரேவதி வீட்டுக்குக் கூப்பிட்டாள். எனக்கோ சந்தைக்குப் பக்கத்திலிருந்த பழங்காலத்து விடுதிமேல் ஆசை. கடைசியில் அவள்தான் விடுதிக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனாள்.

தங்கச்சி வீடு இருக்கும்போது வெளியே தங்கினால் நம் பக்கம் என்ன பேசுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

"ஏங்கண்ணு, ரேவதி ஊட்டுலதான் தங்குனியாமா? அவ சொன்னா."

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறாள். "ஆமாங்க சின்னம்மா" என்றேன்.

"ஊடு எப்படி இருக்குது சாமி? போன்ல செவுத்த மட்டுந்தான் காட்டறா. எந்தச் சந்துல கெடக்கறாளோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

விடுதி அறையை அப்படியே வர்ணித்தேன். மர உத்தரம், குளிர்காய அடுப்பு, சன்னலைத் திறந்தால் சந்தை.

சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தான் மனசு ஆறுச்சு. அடுத்த மாசம் நானும் சித்தப்பாவும் போறோம், டிக்கெட் போட்டாச்சு. அந்தச் சன்னலோரமாவே படுத்துக்கறோம்."

நெட்டில் பார்த்துவிட்டேன், விடுதியில் அடுத்த மாதம் அந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. ரேவதிக்குத்தான் இன்னும் போன் செய்யவில்லை.

பிரெக்கன் பக்கம் யாராவது இருந்தால், அவள் வீட்டில் சன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.