சாரலில் நனைந்த டேப்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, பேரருவிக்குப் போகத் தென்காசியில் ஒரு ஷேர் காரில் ஏறினேன். பக்கத்தில் புர்கா அணிந்த ஒரு பெண். மடியில் மூலை உடைந்த டேப். அதன் திரையைத் துப்பட்டா நுனியால் ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இதுல சிம் இல்ல. ஒங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தருவியளா? அவுக துபாய்ல இருக்காக. சாரலக் காட்டுன்னு ஒத்தக்கால்ல நிக்காக.”

போட்டுக்கொடுத்தேன். வேலை உடுப்போடு ஒருவர் திரையில் தெரிந்தார். “சீக்கிரம் காட்டு, சாப்பாட்டு நேரம் முடியப்போவுது” என்றார். படம் அடிக்கடி உறைந்தது. சிக்னல் போவதற்கும் தூசிதான் காரணம் என்பதுபோல அந்தப் பெண் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

குற்றாலம் நெருங்கியதும் சாரல் விழுந்தது. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அந்த ஈரக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டோம். அவர் மட்டும் டேப்பை நீட்டினார்.

“ஏம்மா, நனஞ்சா கெட்டுப்போயிருமே!”

“நனையட்டும் அண்ணாச்சி. அவுக நனஞ்சு ரெண்டு வருசமாச்சு.”

உள்ளே இழுத்தபோது திரை முழுக்கத் துளிகள். அவற்றுக்குப் பின்னால், துபாயில் வறண்ட அறையில் இருந்தவர் எங்களை நோக்கி உள்ளங்கையை நீட்டினார். பிறகு அந்தக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டார். அந்தப் பெண் திரையைத் துடைக்கவே இல்லை.

பேரருவி வந்தது. அந்தப் பெண் ஐந்தருவி வரை போகிறவர். நான் இறங்குவேன் என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“ஐந்தருவிக்கே போங்க” என்றேன். என்னோடு என் போனும் இறங்கிவிட்டால் துபாய்க்காரருக்குச் சாரல் நின்றுவிடுமே.