ஐம்பத்து மூன்று பச்சைக் குறிகள்

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கடும் வெயில்; மேற்கே மேகம் இருந்தது, மழை இல்லை. விருதுநகரில் எங்கள் வீட்டு அடுக்களையில் என் மகள் ஜெபா கையில் செம்போடு சரிந்து விழுந்தாள். வயது இருபத்தாறு. ரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. இரண்டு மணி மாத்திரையை நானே எண்ணிக் கொடுத்து ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அவளுக்கு நாள்பட்ட சிறுநீரக அழற்சி (வடிகட்டும் நுண்குழாய்கள் புண்பட்டு, சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய்). இரண்டு வருடத்துக்கு முன் கணுக்கால் வீக்கத்தில் தெரியவந்தது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் மேற்பார்வை வேலை. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

ஜூலையில் மதுரை டாக்டர் அவள் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். இளம் நோயாளிகளுக்கு இதுதான் சரி என்றார். ரத்த அழுத்த மாத்திரை காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. நேரம் வந்தால் மணி அடிக்கும். மாத்திரை போட்டால் பச்சையை, தவறினால் சிவப்பை அமுக்க வேண்டும். அங்கே அவருடைய திரையிலும் தெரியும்.

தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் போனை வாங்கிப் பச்சையை எண்ணுவேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் அழுத்தமும் புரதமும் இறங்கவில்லை. ஆகஸ்டில் டாக்டர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "பதிவெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கு. அப்ப மருந்துதான் போதல." வீரியத்தைக் கூட்டினார். நான் பெருமையோடு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது.

செப்டம்பரில் ஏதோ ஆய்வென்று கம்பெனியை அடைத்தார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவள் வீட்டில், என் கண்முன்னே மாத்திரை. மூன்றாம் நாள் விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ், வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். அவளது டிபன் பையைத் திறந்தேன். மதிய மாத்திரை அட்டைகள் அடுக்காக இருந்தன. வேலைக்குப் போன நாட்கள் ஐம்பத்து மூன்று. பிரிக்காத மாத்திரை நாற்பத்தேழு. கூட்டிய வீரியத்தில் மூன்று வேளையும் அவள் தொடர்ந்து போட்டது இந்த மூன்று நாள்தான்.

"செயலியில ஐம்பத்து மூணும் பச்சையா இருக்கேம்மா. யாரு அமுக்குனது?"

"போன் கம்பெனி கேட்டுலேயே பெட்டிக்குள்ள போயிரும்ப்பா. உள்ள கொண்டு போக விடமாட்டாக. ரெண்டு மணிக்கு அது அங்கன கிடந்து கத்தும். பால்ச்சாமி அண்ணன் அமுக்கிருவாக."

பால்ச்சாமி அந்த வாசலின் காவலாளி. வெடிமருந்து இருக்கும் இடம்; போன் கூடாது என்பது சட்டம். இந்த வட்டாரத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஐம்பத்து மூன்று நாள் எனக்கு உறைக்கவில்லை.

"பச்சையா இருந்தது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். சிவப்பா இருந்தா நீங்க பத்து மணி வரைக்கும் பேசுவீக. பச்சையா இருந்தாத்தான் சாப்பிடு, படுன்னு விடுவீக. ரெண்டு மணிக்கு லோடு ஏறுற நேரம். டிபன் பையும் மாத்திரையும் இருக்கிற ஷெட்டுக்கு எப்படிப்பா ஓடுறது?"

"ஒரு மணிச் சாப்பாட்டோடயே போட்டிருக்கலாமே?"

"ரெண்டுன்னா ரெண்டுதான், ஒரு நிமிசம் முந்தக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

நான்தான்.

பால்ச்சாமியைத் திட்டுவதற்கென்றே புதுப்பட்டி போனேன். அவர் எழுந்து நின்றார்.

"அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கத்துச்சு சார். சிவப்ப அமுக்குனா டாக்டர் பாப்பாவ வைவாராம்ல. அதான் பச்சைய அமுக்குனேன். நல்லதுன்னு நெனச்சேன். இப்ப எப்படி இருக்குது பாப்பா?"

தேறி வருகிறாள் என்று சொல்லித் திரும்பினேன். கோபத்தை அப்படியே மதுரைக்குக் கொண்டு போனேன்.

"அவ எங்க வேலை பாக்கா, போன் கையில இருக்குமான்னு ஒருநாளாவது கேட்டீங்களா டாக்டர்?"

அவர் திரையைப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்ல சார்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானாவது கேட்டிருக்கணும். ஒரு மணிக்கே போடட்டும். அதனால ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம்! கம்பெனியில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி தினமும் அடிக்கிறது. சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

இதே நிலையில் உள்ள பெற்றோருக்குச் சொல்கிறேன். செயலி கெட்டதல்ல, மணி அடிக்கத்தான் அதற்குத் தெரியும், அடிக்கும்போது உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதை டாக்டரிடம் நீங்கள் சொல்லுங்கள். சிவப்பைப் பார்த்தால் கத்தாதீர்கள். கத்தினால் உங்கள் வீட்டிலும் எல்லாம் பச்சையாகிவிடும்.

வீரியத்தைக் குறைத்துவிட்டார்கள். ஜெபா வேலைக்குத் திரும்பிவிட்டாள். போவதற்குமுன் ஒரு நிபந்தனை போட்டாள்: "அட்டைய இனி நான் எண்ணிக்கிடுறேன். நீங்க எண்ணாதீக." எண்ணுவதில்லை. ஆனால் ஒரு மணியானால், அந்த மணிச் சத்தம் எட்டாத இந்த வீட்டில், கடிகாரத்தைப் பார்க்கிறேன். அவள் விழுங்கியிருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்ட பிறகுதான் என் தட்டில் சோறு விழுகிறது.

ஆகஸ்டில் அவளது வடிகட்டும் திறன் (சிறுநீரகங்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தின் அளவு) ஐம்பத்திரண்டு. விழுந்த வாரத்தில் முப்பத்தெட்டு. போனது பதினான்கு. நான்கு மாதத்தில் திரும்பியது மூன்று. இனி ஏறாது என்கிறார் டாக்டர்.

பாக்கி பதினொன்று.