மைதீன் பாயின் சந்தேகம்

செய்தி செல்பேசியில்தான் வந்தது. 'மைதீன் பாய் மவுத். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.' நான் நம்பவில்லை. நம் குழுவில் வரும் தகவல்களின் லட்சணம் எனக்குத் தெரியும். மருந்துக்கடையை அப்படியே போட்டுவிட்டு, நேரே பாயின் எண்ணுக்கே அடித்தேன். அவர் எடுத்து, "என்ன வே, செத்துட்டேனான்னு சோதிச்சுப் பாக்கீரா?" என்று கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மகன் எடுத்தான். "ஆமா மாமா. வாப்பா விடியக்காலம் மவுத்தாயிட்டாக" என்றான். அதற்குப் பிறகும் மேலப்பாளையம் போய் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை வரவில்லை. இந்தக் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பாய்க்கு என்னைவிடக் கூடுதல்.

இதை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்காரர்களான உங்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவூதியிலிருந்து திரும்பிய மைதீன் பாய், ஜவுளிச் சரக்கு அடுக்கிவைத்த தம்முடைய பழைய கிட்டங்கியில் ஒரு சரிவுத் தடம் அமைத்தார். பரணிலிருந்து தரை வரைக்கும் பலகை, அதில் அருகருகே இரண்டு பாதைகள். அதில் உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைக் கார்களை விடுவோம். உலோக வார்ப்பு வண்டிகள், என்ஜினும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. தன் கனத்தில் தானே இறங்க வேண்டும். கடையில் வாங்கியபடியே வண்டி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. அந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான் பாய் பிறந்தார் என்று நினைக்கிறேன்.

ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் முகர்ந்து பார்ப்பார், சக்கரத்தில் எண்ணெய் போட்டிருக்கிறதா என்று. உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் அந்தோணி முதல்முதலாக வந்த அன்று, அவன் வண்டியை மூக்கருகே கொண்டுபோனதும் பாயின் முகம் மாறியது. "மீனெண்ணெ போட்டிருக்கான்" என்றார். அந்தோணி பதறிப்போய், "என் கையே அப்படித்தான் மணக்கும் பாய்" என்றான். பாய் அவன் கையை முகர்ந்தார், பிறகு வண்டியை, பிறகு மறுபடியும் கையை. சோப்பு கொடுத்து இரண்டையும் கழுவிவரச் சொல்லி, இன்னொரு தடவை முகர்ந்த பிறகுதான் விட்டார். அதோடும் தீரவில்லை. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு கனம் கூட்டுவதற்காக உள்ளே கிடக்குமோ என்று வண்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். தம் வண்டியை மட்டும் அந்தோணியிடம் நீட்டினார். "எம் வண்டிய நானே பாத்தா எவன் நம்புவான்?" இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஏற்பாடு செய்கிறார்களோ என்று எனக்கு அப்போதே தோன்றியது.

என் கதை அல்வாவில் தொடங்கியது. மகளுக்கு நிச்சயமான மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டவுணில் சுடச்சுட அல்வா வாங்கிக்கொண்டு நேரே கிட்டங்கிக்குப் போனேன். பாய் பொட்டலத்தைத் தொடவேயில்லை. "எதுக்கு வே அல்வா?" என்றார். சொன்னேன். "சந்தோசம். பந்தயம் முடியட்டும். திருநவேலிக்காரன் கையால பந்தயத்துக்கு முன்னால அல்வா வாங்கப்பிடாது." எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கென்று பார்த்து என் சிவப்பு வண்டி எல்லா வண்டிகளையும் தோற்கடித்தது, பாயின் வண்டியையும் சேர்த்து.

பாய் என் வண்டியை எடுத்தார். முகர்ந்தார். குலுக்கினார். டிக்கென்று ஒரு சத்தம். ஓட்டத்துக்கு முன்னால் குலுக்கியபோது அது இல்லை. "உள்ள என்னமோ கெடக்கு வே."

உள்ளே எதையும் நான் போடவில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். திறந்து பார்க்க வேண்டுமென்றால் அடியில் இருக்கிற ரிவிட் ஆணியைத் துளைக்க வேண்டும். துளைத்தால் அந்த வண்டி பந்தயத்துக்கு ஆகாது. துளைக்காவிட்டால் நான் பந்தயத்துக்கு ஆகமாட்டேன். "என் வார்த்தை போதாதா?" என்று கேட்டேன். "வார்த்தையக் குலுக்கிப் பாக்க முடியாதே வே" என்றார். உங்களில் யாரோ பின்னாலிருந்து கள்ள வண்டி என்று முணுமுணுத்தீர்கள். பாய் சட்டென்று திரும்பினார். "கள்ளம்னு எவம்லே சொன்னது? நான் சந்தேகம்னுதான் சொன்னேன்." எனக்கு அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் அப்போது வித்தியாசம் தெரியவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. வண்டியைக் கிட்டங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். நான் இல்லாதபோது அவர் வண்டியைத் திறந்துவிடுவாரோ, இன்னொன்றை மாற்றிவைத்துவிடுவாரோ என்ற பயம். நான் போய் உட்கார்ந்ததும் பாய் அதை எடுப்பார். தூசியைத் துடைத்து, காதோரம் வைத்துக் குலுக்கி, கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் கெடக்கு" என்று வைத்துவிட்டு எனக்கு டீ சொல்வார். வருடக்கணக்கில் இப்படியே. திறக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, திறங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு கிட்டங்கியில் கூடினோம். ஆளுக்கு நாலு வார்த்தை பேசிய பிறகு, அந்தோணி என் சிவப்பு வண்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தான். "இனி நீங்க விடுங்க அண்ணாச்சி. பாக்கதுக்கு யாரு இருக்கா?"

"அதுக்குள்ள ஒண்ணும் இல்லலே" என்றேன்.

"கெடந்துட்டுப் போவட்டும் அண்ணாச்சி. எங்களுக்கு அப்பவே தெரியும்லா."

எல்லாரும் தலையாட்டினீர்கள். பிரியமாகத்தான் சிரித்தீர்கள். அதுதான் என்னைச் சுட்டது. அப்பவே தெரியுமாம். அந்த ஒரு டிக் சத்தத்தில் நீங்கள் எல்லாரும் முடிவு கட்டி, மன்னித்தும் விட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடமும் கள்ளன் என்று நினைத்துக்கொண்டே என்னோடு டீ குடித்திருக்கிறீர்கள். அந்தக் கிட்டங்கியில் முடிவு கட்டாத ஆள் ஒருவர்தான். அவர் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் காதில் வைத்துக் கேட்டார். ஒருவேளை இவன் போடவில்லையோ என்பதற்கும் அந்தச் சந்தேகத்தில் இடம் வைத்திருந்தார்.

நான் வண்டியை விடவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம்தான், அதை நான் யாருக்காகவும் தீர்த்துக்கொள்ளப் போவதில்லை. வண்டி என் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது கொஞ்சமாவது சந்தேகம் மிச்சமிருந்தால் வாருங்கள். வந்து குலுக்கிப் பாருங்கள்.