எஸ் சார் வகுப்பு

சங்கராபுரம் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் மார்கரெட் மிஸ்ஸுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "யார் வேணா திருத்தலாம்னு தொறந்தே வெச்சிருக்கிற மென்பொருளுங்க எவ்ளோ இருக்கு சார்! அதைச் செய்யறவங்களோட எங்க பசங்க சாட்ல நேராவே பேசுவாங்க" என்று பிரின்சிபாலிடம் அளந்துவிட்டார். பிரின்சிபால் மட்டும் லேசுப்பட்டவரா? "இந்த வாரத்துக்குள்ள பசங்க செஞ்சது ஒண்ணாவது அதுல ஏறணும்மா. இல்லன்னா லேபுக்கு இன்டர்நெட் கட்" என்றார்.

மறுநாளே மொத்த வகுப்பும் அப்படியொரு மென்பொருளின் சாட்டுக்குள் நுழைந்தது. அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் பாவெல் என்ற வெளிநாட்டுக்காரர் 'ஹாய்' என்றதுதான் தாமதம், ஆளாளுக்கு 'குட்மார்னிங் சார்' அடித்தார்கள். அவர் ஊரில் அப்போது ராத்திரி. பாவம், அதையும் பொறுத்துக்கொண்டு, மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் வழிக்குறிப்பை அனுப்பினார்.

"புரிந்ததா?"

'எஸ் சார்.' வாத்தியார் கேட்டால் நம்ம பிள்ளைகளுக்கு வேற பதில் ஏது?

"ஓட்டிப் பார்த்தீர்களா?"

'எஸ் சார்.'

"பிரச்சினை ஏதும் வந்ததா?"

'எஸ் சார்.'

"அப்படியென்றால் ஓடவில்லையா?"

'எஸ் சார்.'

பாவெல் மிரண்டுபோனார். "நீங்கள் மனிதர்களா, இல்லை யாராவது மெஷினை விட்டு விளையாடுகிறார்களா? மெஷின் என்றால் மொத்தமாக வெளியே தள்ளிவிடுவேன்."

"அடப்பாவிங்களா! வேற இன்னாவாச்சும் சொல்லுங்கடா!" என்று மிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"எஸ் மிஸ்" என்றது வகுப்பு.

கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் மலர்விழி வகுப்பில் வாயே திறக்காதவள். அவள்தான் தட்டினாள்: 'நோ சார். ரெண்டாவது வரியே புரியல. யாருக்கும் புரியல.'

"உங்கள் டீச்சருக்கு?"

எல்லாரும் மிஸ் முகத்தையே பார்த்தார்கள். சமாளிக்க ஆயிரம் பதில் அவர் வாய்க்கு வந்தது. ஆனால் இன்டர்நெட் போய்விடுமே! கீபோர்டை இழுத்து 'நோ சார்' என்று அடித்தார். மானம் போன மாதிரிதான் இருந்தது.

"அப்பாடா, மனிதர்கள்தான்!" என்றார் பாவெல். "அந்த வரி எனக்கே சந்தேகம். எழுதியவர் எப்போதோ போய்விட்டார். எது எது புரியவில்லை என்று கேளுங்கள். சேர்ந்து பார்ப்போம். புரிகிற மாதிரி நீங்களே எழுதிக் கொடுங்கள், ஏற்றிவிடுகிறேன்."

அந்த வாரமே குறிப்பு ஏறியது. இன்டர்நெட் பிழைத்தது.

அடுத்த வகுப்பில் மிஸ் தெம்பாக உள்ளே வந்து, "இதுவரைக்கும் நான் நடத்துனதுல யாருக்காச்சும் புரியாதது இருக்கா? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

கடைசி பெஞ்சுவரை எல்லாக் கையும் மேலே போனது. மிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முதல் செமஸ்டர் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.